சிவந்தால் போதும், கருக்க வேண்டாம்

(மருதாணிக் கலைப் பயிற்சி முடித்த பெண்களுக்குச் சான்றிதழ் வழங்கும் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

இன்று பகலில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, முகம் வாடாமல் மேடையில் வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே, மூன்று மாதம் இந்தப் பிள்ளைகளுக்குக் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியை அவர்களே, கூடத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, பெற்றோர்களே, சான்றிதழ் வாங்கப்போகும் என் மகள்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வை போர்த்தினீர்கள், நன்றி. சால்வைக்குப் பதில் ஒரு செடி கொடுத்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். முப்பது வருஷம் தாவரவியல் வாத்தியாராக இருந்தவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்?

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, மருதாணிச் செடி. இரண்டு, கல்யாண வீட்டில் அதற்குள்ள இடம். மூன்று, உங்கள் கூலி. 'பதறாத காரியம் சிதறாது' என்பார் எங்கள் ஆச்சி. அதனால் நிதானமாகவே போவோம்.

மருதாணிக்கு மருதோன்றி, அழவணம், ஐவணம் என்றெல்லாம் பெயர் உண்டு. இலை பச்சை, கையில் ஏறுவது சிவப்பு. இலைக்குள் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அரைக்கும்போது அது வெளியே வந்து, தோலின் மேல் அடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையிலும் பாதத்திலும் அந்த அடுக்கு தடிமன், அதனால்தான் அங்கே நன்றாகப் பிடிக்கிறது. உதிர்த்தவுடன் ஆரஞ்சு நிறம்தான் தெரியும். ஒன்றிரண்டு நாள் காற்றுப் பட்டுத்தான் அடர் சிவப்பாகும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி போட்டுவிட்டு, 'சிவக்கலையே, மாமியாருக்குப் பிடிக்காதோ' என்று அழும் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். குறை மாமியாரிடம் இல்லை, போட்ட நேரத்தில்தான் இருக்கிறது.

கல்யாண வீட்டுக்கு வருகிறேன். எங்கள் அக்கா கல்யாணத்தின்போது நான் ஆறாம் வகுப்பு. முதல் நாள் சாயங்காலம் ஆச்சி வேலியிலிருந்து இலை உருவி, கொட்டைப்பாக்கும் துளி புளியும் வைத்து அம்மியில் அரைத்தார். அரைத்தவர் கைதான் முதலில் சிவக்கும், அது தனிக்கதை. உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் பொட்டுகள், விரல் நுனிகளுக்குத் தொப்பி. கோன் எல்லாம் அப்போது ஏது? அக்கா, அம்மா, அத்தை, சித்திகள் என்று வீட்டில் பதினொரு பெண்கள். பழைய வேட்டியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக் கட்டியாயிற்று. கடைசியில் ஆச்சிக்கும் யாரோ வைத்துவிட்டார்கள். மணி ஒன்பது இருக்கும். விடியற்காலம் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு வண்டி வாசலில் வந்து நிற்கிறது! முப்பது பேர்!

'வாங்க வாங்க' என்று கும்பிடக்கூட வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கை இல்லை. அம்மா கழுவிவிட்டு வரப் போனார். ஆச்சி வழிமறித்து, "பதறாத காரியம் சிதறாது, உன் புருஷனைப் போடச் சொல்லு காபியை" என்றார். அதுவரை அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் எங்கள் அப்பா. ஆச்சி நிலைப்படியில் நின்று முழங்கையால் திசை காட்டுகிறார்: "அந்த டப்பா இல்லடா, அதுக்குப் பக்கத்துல." எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அப்பா இடப்பக்கம் எடுத்தார். அது மறுநாள் எண்ணெய் முழுக்குக்கு வைத்திருந்த சீயக்காய்த் தூள்.

காபி பொங்கியது. பொங்கியதென்றால் சும்மா இல்லை, டம்ளர் வாயைத் தாண்டி நுரை நின்றது. சம்பந்தி ஐயா டம்ளரைப் பார்த்து, "பலே, நுரை நல்லா வந்திருக்கே" என்று பாராட்டிவிட்டு ஒரு மடக்கு குடித்தார். அப்புறம் அவர் அன்று ராத்திரி யாரிடமும் பேசவில்லை. சம்பந்தி அம்மா உள்ளே வந்து, கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பதினொரு பேரையும் பார்த்தார். பார்த்தவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முப்பது பேருக்கும் அவரே காபி போட்டார். இரண்டு நாளில் எங்கள் வீட்டுப் பெண்கள் கையெல்லாம் செக்கச் சிவப்பு. அப்பா கையும் சிவப்புதான், பாத்திரம் சுட்டது.

எதற்குச் சொன்னேன்? கல்யாண வீட்டில் பெண்கள் ஒரு வேலையும் செய்யாமல் உட்காரும் நேரம் அது ஒன்றுதான். வடக்கே மெஹந்தி ராத்திரி என்று பாட்டும் கூத்துமாக நடத்துகிறார்கள், கோலத்துக்குள் மாப்பிள்ளை பெயரை ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிறார்கள். இஸ்லாமியர் வீட்டுக் கல்யாணங்களில் மருதாணி தனிச் சடங்கு. நமக்கு நலங்கு. எல்லா இடத்திலும் ஒரே கணக்கு: மணப்பெண் அசையக் கூடாது, மற்றவர்கள் ஊட்டிவிட வேண்டும்.

அந்தப் பொறுமைதான் இப்போது நமக்கு இல்லை. அரை மணியில் கருகருவென்று ஏறும் கறுப்புக் கோன் கேட்கிறார்கள். மகள்களே, மருதாணி ஒருநாளும் கறுப்பாகாது. கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் பிபிடி என்ற தலைமுடிச் சாய ரசாயனம். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு வரவேற்பு முடிந்த மூன்றாம் நாள் கோலம் போட்ட கோட்டிலேயே கொப்புளம் எழும்பியது. மறுவீட்டு விருந்துக்குக் கட்டோடு போனாள். மருத்துவர் அம்மா அவர்கள் சொன்னதுபோல, ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு தலைக்குச் சாயம் பூசினாலும் திரும்ப வரலாம். கோன் வாங்கினால் பொருள் பட்டியலைப் படியுங்கள். பட்டியலே இல்லையென்றால் தொடாதீர்கள். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் நம்ம ஆச்சி வாக்கியத்தைச் சொல்லுங்கள்: பதறாத காரியம் சிதறாது.

ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். இங்கே வேலிக்கு வேலி நின்ற செடியை வெட்டிவிட்டு காம்பவுண்டுச் சுவர் எழுப்பினோம். தலைவர் அவர்களிடம் போன கூட்டத்தில் கேட்டேன், அதற்கு முந்தின கூட்டத்திலும் கேட்டேன். இந்தச் சமுதாயக் கூடத்தின் வேலியோரம் ஒரு வரிசை மருதாணி வையுங்கள். கல்யாணத்துக்குக் கூடம் எடுப்பவர்கள் பறித்து அரைத்துக்கொள்ளட்டும். தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

கூலி பற்றிப் பேசவேண்டும். மணி அடித்துவிட்டார்கள், அது அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் என் சைக்கிள் கேரியரில் சாக்குப் பை இருக்கிறது, அதில் நாற்பது கன்று. கிளையை வெட்டிப் போத்து வைத்து வளர்த்தவை. நல்ல வெயில் வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. சான்றிதழ் வாங்கிய கையோடு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கன்று தலைவருக்கு, அதை நானே காரில் ஏற்றிவிடுகிறேன். நன்றி, வணக்கம்.