மீனம்பாக்கத்து பலூனும் நைஜரின் கம்பங்கொல்லையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதச் சாயங்காலம் சென்னையில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். தாழ்வான மேகங்கள் கடலை நோக்கி ஓடும். வெகு உயரத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல் இருக்கும் கீற்று மேகங்களோ கடலிலிருந்து மேற்கே நகரும். மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினர் நாள்தோறும் இரண்டு வேளை பலூன் விடுகிறார்கள். இந்தப் பருவத்தில் அதுவும் முதலில் கடல் பக்கம் போகும். மேலே ஏற ஏறத் திசை மாறி மேற்கே திரும்பும்.

அதைத் திருப்புவது கீழை ஜெட் காற்று, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே ஆறுபோல் விரைந்து ஓடும் உயரக் காற்று. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 1958இல் இதை உலகுக்கு விளக்கி எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம்.

நம் தலைக்கு மேல் போகும் அந்தக் காற்று அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குள் நுழைகிறது. அங்கே சகாராவின் தெற்கு ஓரமாக, செனகல், மாலி, நைஜர், சாட் என்று நீளும் வறண்ட பட்டைக்கு சாஹேல் என்று பெயர். மழை ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அதை நம்பி விளைவது கம்பும் சோளமும். நாம் கூழ் காய்ச்சும் அதே கம்புக்குத் தாய்வீடும் அந்தப் பக்கம்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே உள்ள கினி வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று சாஹேலுக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் ஈரம் வந்தால் மட்டும் மழை வந்துவிடாது. மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு கிழக்குக் காற்று ஓடுகிறது. கொதிக்கும் சகாராவுக்கும் குளிர்ந்த கினிக் கரைக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டில் பிறந்தது அது. அதில் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை அலை எழும்பும். அலையை ஒட்டி இடிமேகங்கள் வரிசை கட்டும். விழும் மழையில் ஒரு பங்கு வறண்ட காற்றிலேயே ஆவியாகிவிட, குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி முன்னால் பாயும்; எதிரே உள்ள ஈரக்காற்றை மேலே தூக்கி அடுத்த மேகத்தை எழுப்பும். ஊர்க்காரர்கள் முதலில் பார்ப்பது செம்புழுதிச் சுவரைத்தான். மழை அதன் பின்னால் வரும். சாஹேலின் பெரும்பகுதி மழை இப்படித்தான் கிடைக்கிறது.

மழை செழித்த ஆண்டுகளில் உயரத்து ஜெட் வலுத்தும், நடு உயரக் காற்று வடக்கே தள்ளியும் இருந்திருக்கின்றன. வறண்ட ஆண்டுகளில் நேர்மாறு. எது காரணம், எது விளைவு என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே ஓயவில்லை. மேகங்கள் வெளிவிடும் வெப்பமும் காற்றை மாற்றுமல்லவா?

1960களின் இறுதியில் தொடங்கிய வறட்சி, 1973இலும் 1984இலும் சாஹேலை உலுக்கியது. மனிதர்களும் மாடுகளும் மடிந்தார்கள். ஆடுமாடுகளை அளவுக்கு மீறி மேய்த்து நிலத்தைப் பாழாக்கிக்கொண்டீர்கள் என்று அந்த மக்கள் மீதே பழி விழுந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. கடல்களின் வெப்பநிலை மாறி, மழைப் பட்டை தெற்கே நகர்ந்ததே முதன்மைக் காரணம் என்பது பின்னால்தான் தெளிவானது.

நைஜரின் உழவர் முதல் மழை நனைத்ததும் கம்பு விதைத்துவிடுகிறார். அடுத்த அலை தாமதித்தால் முளை கருகும். வீட்டில் எஞ்சிய தானியத்தை எடுத்து மறுபடியும் விதைக்கிறார். சில ஆண்டுகளில் மூன்றாம் முறையும்.

நன்றி, வணக்கம்.