விளக்கு வைக்கும் நேரத்துப் பந்தாட்டம்

(வியாசர்பாடியில், நவம்பர் கடைசி வாரத்து மாலை ஒன்றில், ஆட்டம் முடிந்தபின் மைதானத்திலேயே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வியர்வை காயாமல் மண்ணிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் வணக்கம். நின்றுகொண்டு கேட்கும் அம்மாக்களே, யாராவது அந்த நாற்காலிகளை இப்படி நகர்த்திப் போடுங்கள்.

எனக்குப் பின்னால் இரண்டு வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். கீழ் வரிசை உங்களுடையது, நான் எடுத்தவை. மேல் வரிசையில் இருப்பவர்கள் இப்போது இல்லை. அதில் டீகோ மரடோனாவை எல்லோரும் காட்டிவிட்டீர்கள். 2020 நவம்பர் 25-இல் அவர் இறந்த அன்று இந்தத் தெருக்களில் எத்தனை பேர் அழுதார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்தில் உயரமாக ஒருவர் நிற்கிறாரே, அவர் யார் என்று கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அது உங்கள் குற்றமில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அவர் பீட்டர் தங்கராஜ். ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்த கோல்கீப்பர். மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தவர். 1962 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜகார்த்தாவில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை நாம் 2-1 என்று வென்றபோது கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் இவர்தான். 2008-இல், இதே நவம்பரில் மறைந்தார்.

அந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி. முதல் கோலை அடித்தவர் பி.கே. பானர்ஜி. இருவரோடும் சேர்த்தே சொல்லப்படும் மூன்றாவது பெயர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல் அடித்த கால் அவருடையது. நோய் வந்து, இன்னும் பல ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டிய வயதில் பூட்ஸைக் கழற்றினார். 2020 மார்ச்சில் பி.கே. போனார். அடுத்த மாதமே, ஊரடங்குக்குள், சுனி போனார். 2023 பிப்ரவரியில் பலராமும் போய்விட்டார்.

இவர்களை ஆட வைத்தவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர். இந்தியா 1956 ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வரை போனது அவர் பயிற்சியில்தான். ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில், தலையில் தையல் போட்டிருந்த பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்னால் நிறுத்தி ஆட வைத்தார். இரண்டாவது கோல் ஜர்னைல் அடித்தது. அப்போதே ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. தங்கம் வென்று ஒன்பது மாதம்தான் இருந்தார். 1963 ஜூனில் முடிந்துவிட்டது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நீங்கள் ஆடுவது பள்ளி விட்ட பிறகு. அதனால் எனக்குக் கிடைப்பது விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சம் மட்டும். இந்த மாதத்தில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. நம் ஊரில் அது சாய்ந்து சாய்ந்து இறங்காது, ஏறக்குறைய நேராக விழும். அதன்பின் இருபது, இருபத்தைந்து நிமிடம் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். பகலில் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டரைத் திறந்தால் பந்து காற்றில் அப்படியே நிற்கும். அந்தியில் அதை ஐந்நூறில் ஒன்று, இருநூற்றைம்பதில் ஒன்று என்று இறக்கிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் முகம் தெளிவாக இருக்கும், உதைத்த கால் மட்டும் கலைந்து புகையாகிவிடும். நான் அந்தப் படங்களை அழிப்பதில்லை. இவ்வளவு வேகமாக ஓடினாய் என்பதற்கு அந்தக் கலைந்த கால்தான் சாட்சி. பிளாஷ் போடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். போட மாட்டேன். பந்தைப் பார்த்துப் பாயப்போகும் கோல்கீப்பரின் கண்ணில் ஒளியை அடிக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இருட்டத் தொடங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்புச் சட்டை முதலில் கறுக்கும். நீலச் சட்டை கொஞ்ச நேரம் கூடுதலாகத் தெரியும். கண்ணின் இயல்பு அப்படி. கேமராவுக்கு அது கிடையாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மைதானத்தில் என் கண் தொலைத்துவிட்ட சிவப்பு படத்தில் சிவப்பாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு அது சந்தோஷம்தான்.

ஆனால் கேமரா வைத்திருந்தும் நான் தொலைத்த ஒருவர் உண்டு. பிலிம் சுருள் காலத்தில், வடசென்னையில் ஒரு மைதானத்துக்கு மூன்று வருடம் தொடர்ந்து போனேன். அங்கே ஒரு பெரியவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். பகலில் வேலை, மாலையில் விசில். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அவர் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் அவர் மகள் என் வீடு தேடி வந்தார். 'அண்ணா, அப்பா மைதானத்தில் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும்' என்று கேட்டார். ராத்திரி முழுக்க நெகட்டிவ்களை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒரு படத்தில் விசில் பிடித்த கை இருந்தது. ஒன்றில் முதுகு. ஒன்றில் பாதித் தோள். மூன்று வருடமாக நான் பந்தையே துரத்தியிருக்கிறேன். அவருடைய முழுப்பெயரைக்கூட அன்றுதான், அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கை இருந்த படத்தைக் கழுவிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிலிருந்துதான் இந்த நோட்டு. ஆட்டம், தேதி, எந்தப் பக்கம் யார் நின்றார்கள், சட்டை எண், முழுப்பெயர், அப்பா அம்மா சொல்லிக் கூப்பிடும் பெயர், எல்லாம் எழுதுகிறேன். பெயர் எழுதாத படம் ஐம்பது வருடத்தில் யாரோ ஒருவருடைய படமாகிவிடும். பெற்றோர்களே, உங்கள் கைப்பேசியில் இருக்கும் படங்களுக்கும் இதைச் செய்யுங்கள், இன்றே செய்யுங்கள். தங்கராஜைத் தெரியாமல் போனதுபோல இந்தப் பிள்ளைகளைத் தெரியாமல் போகக் கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பேச்சு நீண்டுவிட்டது, மேற்கே இன்னும் பத்து நிமிட வெளிச்சம் இருக்கிறது. பிள்ளைகளே, எழுந்து கோல் கம்பத்துக்கு முன்னால் வரிசையாக நில்லுங்கள். சின்னவர்கள் முன்னால். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். கோச் சார், அங்கே பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அதை வையுங்கள். ஓரத்தில் வேண்டாம் சார். நடுவில் வந்து நில்லுங்கள்.