கணக்கு யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

வணிகத்திலும் தலைமையிலும் பெயர் எடுத்த, வெள்ளையர் அல்லாத பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். பெப்சிகோ நிறுவனத்தை நடத்திய இந்திரா நூயியை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்கள். விடமாட்டேன். ஆனால் அவரிடம் வருவதற்கு முன்னால் பருத்திக் காட்டு வழியாகக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் நம் இலங்கை மலையகத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கிற ஆண்டு அது. அதே ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துப் பருத்தித் தோட்டம் ஒன்றில் சாரா பிரீட்லவ் பிறந்தார். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடிமைகளாக இருந்து விடுதலை அடைந்தவர்கள். 7 வயதில் இருவரையும் இழந்தார். 14 வயதில் கல்யாணம். 20 வயதில் புருஷனும் போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஊரார் துணியைத் துவைத்துப் பிழைத்தார். நாள் முழுக்கத் துவைத்தால் ஒரு டாலருக்குச் சற்று மேலே கிடைக்கும்.

அவருக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கியது. அக்காலத்தில் தண்ணீர் வசதி இல்லாத வீடுகளில் பல பெண்களுக்கும் இருந்த தொல்லை அது. ஆனி மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண் அதற்கு மருந்து தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார். சாரா அவரிடம் விற்பனை முகவராகச் சேர்ந்தார். தொழிலைக் கற்றுக்கொண்ட இடம் அதுதான். கதை சொல்கிறவர்கள் ஆனி மலோனை அநேகமாக மறந்துவிடுவார்கள், அது எனக்கு எப்போதும் ஒரு குறை. பிறகு சாரா தன் சொந்தச் சரக்கைச் செய்தார். சார்ல்ஸ் வாக்கர் என்பவரை மணந்து 'மேடம் சி. ஜே. வாக்கர்' என்று பெயர் போட்டு விற்றார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை எழும்பியது.

அவர் பணக்காரி ஆனதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அவருக்குக் கீழே ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் முகவர்களாக இருந்தார்கள் என்பது. வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவர்கள், துவைத்தவர்கள். இப்போது கையில் பெட்டியுடன் வீடு வீடாகப் போய் விற்று, தன் வருமானத்தைத் தானே எண்ணினார்கள். 1917இல் பிலடெல்பியாவில் அவர்களைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார். அதிகம் விற்றவருக்குப் பரிசு கொடுத்தது போலவே, ஊர் நன்மைக்கு அதிகம் கொடுத்தவருக்கும் பரிசு கொடுத்தார்.

அதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் கறுப்பின வணிகர்களின் மாநாட்டில், பெரிய தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவரைப் பேச விடவில்லை. கடைசி நாளில் வாக்கர் எழுந்து நின்று, தான் பருத்திக் காட்டிலிருந்து வந்தவள், அங்கிருந்து துணி துவைக்கிற தொட்டிக்கு வந்தவள், தன் நிலத்தில் தன் தொழிற்சாலையைக் கட்டியவள் என்று சபையில் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் அதே மேடைக்கு அவரைப் பேச்சாளராகவே அழைத்தார்கள். தன் இனத்து ஆண்களே கதவைச் சாத்தியதும் இந்தக் கதையில் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை.

சரி, நம் மலைக்கு வருவோம். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற கை பெரும்பாலும் பெண்ணின் கை. எடை பார்ப்பது, பேர் போடுவது (ஒரு நாள் வேலை என்று பதிவது), கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று பாதிச் சம்பளமாக வெட்டுவது எல்லாம் இன்னொருவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ அப்பாவோ போய்க் கையொப்பம் வைத்து வாங்கி வருகிற வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணக்குத் திறக்க வருகிற அம்மாமார் சிலர், பணம் எடுக்கும் உரிமையை மகன் பெயருக்கு எழுதச் சொல்வார்கள். "எனக்கு எதுக்கும்மா, அவனே பாத்துக்கட்டும்" என்பார்கள். உழைப்பும் திறமையும் நம் பெண்களிடம் குறைந்ததே இல்லை. கணக்குதான் அவர்கள் கைக்கு வரவில்லை. அதனால் வெற்றிக் கதை எதைக் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் தேடுவேன்: கணக்கு எந்த இடத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது?

இதற்கு என் மனதுக்கு நெருக்கமானவர் மேகி வாக்கர். பெயர் ஒன்றே தவிர மேடம் வாக்கருக்கு உறவில்லை. 1864இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். அம்மா துணி துவைப்பவர். வெளுத்த துணியை வீடுகளுக்குச் சுமந்து கொடுத்து வளர்ந்த பெண் இவர். செயின்ட் லூக் என்று கறுப்பின மக்களின் ஒரு சங்கம் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் சந்தா கட்டுவார்கள், நோய்க்கும் சாவுக்கும் சங்கம் உதவும். நம் மரண உதவிச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1899இல் மேகி அதன் தலைமைக்கு வந்தபோது கையிருப்பு 31 டாலர் சொச்சம், கடன் 400 டாலர். இரண்டு வருஷத்தில் உறுப்பினர்களிடம் நின்று, நமக்கு ஒரு பத்திரிகை வேண்டும், ஒரு வங்கி வேண்டும், ஒரு கடை வேண்டும் என்றார். 1902இல் பத்திரிகை வந்தது. 1903இல் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறந்தது. அமெரிக்காவில் வங்கிக்கு உரிமம் வாங்கி அதன் தலைவராக இருந்த முதல் கறுப்பினப் பெண் அவர். சில்லறைக் காசு கொண்டுவருகிற சலவைக்காரிக்கும் அங்கே கணக்கு இருந்தது. அந்தச் சில்லறை சேர்ந்து பல நூறு குடும்பங்கள் சொந்த வீடு வாங்கக் கடனாகப் போனது.

கடை மட்டும் தோற்றது. 1905இல் திறந்து 1911இல் மூடினார்கள். வெள்ளை வியாபாரிகள் மொத்த விற்பனைக்காரர்களை மிரட்டி, இவர்களுக்குச் சரக்குப் போகாமல் தடுக்கப் பார்த்தார்கள். வங்கி பிழைத்தது. 1930ஐ ஒட்டிய பெருமந்தத்தில் ஊரெங்கும் வங்கிகள் விழுந்தபோது, வேறு இரண்டு கறுப்பின வங்கிகளோடு இதை இணைத்துக் காப்பாற்றினார். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார்.

நம்மிடமும் சீட்டு இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் போட்டு, ஒவ்வொருவராக எடுப்பது. அந்தக் கணக்கை எழுத்து மோசமான ஒரு கொப்பியில், ஒரு சதம் பிசகாமல் வைத்திருக்கிற அக்காமார் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றிலும் உண்டு. வங்கிப் பரீட்சை எழுதியவளாகச் சொல்கிறேன், அது சின்ன வேலை இல்லை.

ஆனால் இன்று "பெண் தொழில்முனைவோர்" என்று சொல்லிக்கொண்டு லயத்துக்கு வருகிறவர்களில் பலர் வாராவாரம் வசூலிக்கிற கிழமைக் கடன்காரர்கள். குழுவாகக் கையொப்பம் வாங்கிக் கடன் தருவார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அந்தக் காசு தொழிலுக்குப் போவதும் குறைவு. பிள்ளையின் பள்ளிச் செலவு, சடங்கு, பழைய கடன் என்று கரைந்துவிடும். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை, 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. மேகி வாக்கரின் வங்கி, சந்தா கட்டிய உறுப்பினர்களின் சங்கத்திலிருந்தே எழுந்தது. கிழமைக் கடனில் நம் பெண்ணுக்கு மிஞ்சுவது கையொப்பம் மட்டும்.

மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளையை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நம் பாட்டன் பூட்டிமார் புறப்பட்டு வந்த சீமை. நிலமில்லாத கூலிப் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர். அறுவடைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய், நிலக்காரரிடம் கூலி பேசுகிறவர் அவர்தான். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்பு இயக்கத்தில் சேர்ந்து அதன் தலைவிகளில் ஒருவரானார். 2001இல் டில்லியில் அவருக்கு விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 2019இல் பத்மஸ்ரீ. படத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கூலி பேசத் தெரிந்த வாய்க்கு ஒரு கணக்குப் புத்தகமும் சேர்ந்துகொண்டதுதான்.

அப்புறம் மூணாறு. கேரள மலையில் தேயிலை பறிக்கிற தமிழ்ப் பெண்கள், 2015 செப்டம்பரில் ஊரின் சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்ததுதான் காரணம். தொழிற்சங்கத் தலைவர்களை, எல்லாக் கட்சிக்காரர்களையும், பக்கத்தில் விடவில்லை. பெண்களே பேசி 20 சதவீதத்துக்குத் திரும்ப ஏற்றினார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் வைத்து அதே வருஷம் உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களும் பிடித்தார்கள். பின்னர் பிளவு வந்தது. நம் தோட்டங்களில் சங்கம் வைத்தவர்களுக்கு அது புதிதல்ல.

இப்போது இந்திரா நூயி. 1955இல் சென்னையில் பிறந்து, சென்னையிலும் கொல்கத்தாவிலும் யேல் பல்கலைக்கழகத்திலும் படித்து, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்தினார். பதவி உயர்வோடு வீட்டுக்கு வந்தவரை அம்மா பால் வாங்கி வர அனுப்பிய கதையைப் பரிசளிப்பு விழா ஒவ்வொன்றிலும் கேட்டிருப்பீர்கள். பெருமைதான். ஆனால் அந்த ஏணியின் கீழ்ப்படி நல்ல பள்ளியில் இருந்தது; விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையிடம் அவரைப் போல் ஆகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. அவரோடு அர்சுலா பர்ன்ஸ் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்பில், துணிக்கு இஸ்திரி போட்டும் பிள்ளை பார்த்தும் சம்பாதித்த தாய் வளர்த்த பெண். பொறியியல் படித்து 1980இல் ஜெராக்ஸ் நிறுவனத்தில் பயிற்சியாளராக நுழைந்து, 2009இல் அதன் தலைமை அதிகாரியானார்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத இடம் என்ற சட்டம் முதல் முறையாக நடைமுறைக்கு வந்தது. அதே வருஷம் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவையும் திருத்தினார்கள். அதுவரை தோட்டத்துக்குள் ரோடு போடவும் தண்ணீர் கொடுக்கவும் சபைக்குத் தாராளமாகச் செலவு செய்ய முடியாது. வரி, வாக்கு எல்லாம் கொடுத்தும் இந்த நிலை. 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று அங்கே போனது அதுதான் முதல் தடவை. நம் ஆட்களின் வாக்குரிமை பறிபோன 1949இலிருந்து எண்ணினால் 75 வருஷம்.

சபைக்குப் போன பெண்களைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. கணவர்தான் நடத்துகிறார் என்பார்கள். சில இடங்களில் அது உண்மையும்தான். அதனால் உங்கள் வட்டாரத்துப் பெண் உறுப்பினரை நேரே போய்ப் பாருங்கள். இந்த வருஷம் உங்கள் தோட்டத்து டிவிசனுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த ரோட்டுக்கு, எந்தத் தண்ணீர்க் குழாய்க்கு என்று அவரிடமே கேளுங்கள். தெரியாது என்றால் வரவு செலவுத் திட்டப் பிரதியை வாங்கித் தரச் சொல்லுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், சீட்டுக் கொப்பி வைத்திருக்கிற அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டல் கழித்தல் அவர் பார்த்துக்கொள்வார்.

நன்றி, வணக்கம்.