கேஷ் ஆன் டெலிவரி பார்சல்கள் திரும்பி வருவதைக் குறைப்பது எப்படி? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்னிமலையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். கைத்தறிப் போர்வைகளையும் பெட்ஷீட்டுகளையும் சொந்த இணையதளத்தின் வழியாக விற்கும் அவர், கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பும் பார்சல்களில் நிறைய திரும்பி வருவதால் அந்த வசதியையே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று தளத்தில் எழுதிவைத்தால் அது சட்டப்படி செல்லுமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதலில், திரும்பி வரும் பார்சல்களை இரண்டாகப் பிரித்துக் கணக்கெழுதுங்கள், சகோதரி. வாடிக்கையாளர் கையில் வாங்காமலே திரும்புவது ஒரு வகை. இதைத்தான் கூரியர்காரர்கள் ஆர்டிஓ என்கிறார்கள். வாங்கிப் பிரித்துப் பார்த்த பிறகு வேண்டாம் என்று அனுப்புவது இன்னொரு வகை. இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. பலர் இரண்டையும் ‘ரிட்டர்ன்’ என்று ஒரே நோட்டில் எழுதிவைப்பதால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

ஆர்டிஓவின் இழப்பைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்தான். ஒரு பெட்ஷீட்டின் விலை 600 ரூபாய், உங்கள் அடக்கம் 420, பேக்கிங் 15, கூரியர் கட்டணம் 70 என்றால், கையில் நிற்பது 95 ரூபாய். அதே பார்சல் திரும்பி வந்தால், போன கட்டணம் 70, திரும்பிய கட்டணம் 60, வீணான பேக்கிங் 15 என்று 145 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. பத்துப் பார்சலில் நான்கு திரும்பினால், விற்ற ஆறில் வந்த 570 ரூபாய் லாபத்தைத் திரும்பிய நான்கின் 580 ரூபாய் நஷ்டம் விழுங்கிவிடும். மூன்றாகக் குறைந்தால் 230 ரூபாய் மிஞ்சும். பத்தில் ஒரே ஒரு பார்சலைத் தடுப்பதில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

அதற்காக கேஷ் ஆன் டெலிவரியை அடியோடு நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் பெயரை இதுவரை கேள்விப்படாத ஒருவர், பொருளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கட்டத் தயங்குவது இயல்பு. அந்தக் கதவை மூடினால் ஆர்டர் எண்ணிக்கையே விழும். வடிகட்டுவதுதான் வழி. ஆர்டர் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் பொருளின் படம், விலை, முகவரி மூன்றையும் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். பதில் வராதவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் லேபிள் ஒட்டாதீர்கள். பெரிய தொகைக்கான ஆர்டர் என்றால், போக்குவரத்துச் செலவுக்கு ஈடான சிறு தொகையை யுபிஐயில் முன்பணமாகக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்பே கட்டுபவர்களுக்குச் சிறிது விலை குறைத்துக் கொடுப்பதும் பலனளிக்கும், ஏனென்றால் ஆர்டிஓவில் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தள்ளுபடி சிறியது.

டெலிவரிக்குப் போன ஆள் பொருளைக் கொடுக்க முடியாமல் திரும்பியதும், கூரியர் நிறுவனம் உங்களுக்குத் தந்திருக்கும் இணையப் பக்கத்தில் ‘வீடு பூட்டியிருந்தது’, ‘தொலைபேசி எடுக்கவில்லை’, ‘வாங்க மறுத்தார்’ என்று ஏதோ ஒரு காரணம் பதிவாகும். அதை அன்றே பார்த்து வாடிக்கையாளரிடம் பேசி, மறுநாள் மீண்டும் கொண்டுபோகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பொதுவாக மூன்று முறை வரை முயற்சி செய்துவிட்டுப் பார்சலைத் திருப்பிவிடுவார்கள்; அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பேசினால் காப்பாற்றக்கூடிய பார்சல்கள், யாரும் பார்க்காததாலேயே திரும்பி வருகின்றன.

இனி, பிரித்துப் பார்த்த பிறகு திருப்பி அனுப்புகிறவர்கள். உங்கள் தொழிலில் இதற்குக் காரணம் பெரும்பாலும் துணி அல்ல, தளத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட விவரங்கள்தான். கைத்தறித் துணியில் ஆங்காங்கே நூல் முடிச்சு தெரியும். இழை ஓரிடத்தில் சற்றுத் தடித்து இருக்கும். சாயம் தோய்க்கும் ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் மாறும். தறியையே பார்த்திராத ஒரு பெருநகரத்து வாடிக்கையாளருக்கு இவையெல்லாம் ‘டேமேஜ்’ என்றுதான் படும். ஆகவே அந்த முடிச்சை அருகில் வைத்துப் படமெடுத்து, இது கையால் நெய்ததன் அடையாளம் என்று தளத்திலேயே எழுதுங்கள். பார்சலுக்குள்ளும் ஒரு சிறு துண்டுச்சீட்டு வையுங்கள். டபுள் காட் என்று மட்டும் போடாமல், 90 அங்குலத்துக்கு 100 அங்குலம் என்று அளவைச் சொல்லி, கட்டிலில் விரித்த படத்தையும் போடுங்கள். பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். நெசவாளியின் உழைப்பைக் குறையென்று ஒருவர் திருப்பி அனுப்புவது, அதைப் பற்றி நாம் அவருக்குச் சொல்லாததால்தான் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பேக்கிங்கில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல கூரியர் நிறுவனங்கள் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, அந்த எடைக்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. 40, 30, 15 அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால், உள்ளே ஒன்றரைக் கிலோகூட இல்லாத துணிக்கு 3.6 கிலோ கட்டணம் விழும். தட்டையாக மடித்து, கெட்டியான பாலிதீன் உறையில் அனுப்புங்கள்.

திரும்பி வந்த பார்சலைப் பிரிக்கும் முன் எடை போடுங்கள். லேபிள் தெரியும்படி தொடங்கி, உறையைக் கிழித்துத் துணியை விரிப்பது வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். துணி மாறியிருந்தாலோ துவைத்திருந்தாலோ, கூரியர் நிறுவனத்திடமோ வாடிக்கையாளரிடமோ பேச அதுதான் சான்று. இழப்பீடு கேட்பதற்கான காலம் சில நாட்களே இருக்கும் என்பதால் மூட்டையைச் சேர்த்துவைத்துப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், திரும்பிய ஒவ்வொரு பில்லுக்கும் கிரெடிட் நோட், அதாவது அந்த விற்பனைத் தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டு, போட்டு, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் கணக்கில் காட்டுங்கள். தவறினால் வராத பணத்துக்கு வரி கட்டியதாகிவிடும்.

சட்டக் கேள்விக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரப்படுத்திய தன்மைக்கு மாறாகவோ இருந்தால், அல்லது சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு வெள்ளம், புயல் போன்ற நம் கையில் இல்லாத காரணம் இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே ‘திரும்பப் பெறப்படாது’ என்ற உங்கள் வாசகம் இந்த நிலைமைகளில் செல்லாது. புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவர்களுக்கு என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அதை வாங்கும் முன்பே அவர்கள் படிக்கும்படி சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்ட அந்த வாசகத்துக்குப் பதிலாக, ‘குறையுள்ள அல்லது மாறி வந்த பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், பிற காரணங்களுக்கு, துவைக்காத நிலையில், திருப்பி அனுப்பும் செலவை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும்’ என்று எழுதி, எத்தனை நாட்களுக்குள் என்பதையும் அங்கேயே குறிப்பிட்டுவிடுங்கள்.