பதவி முடிந்த இடத்தில் தொடங்கும் பணி

(பணி ஓய்வுபெற்ற மகளிர் அலுவலர்களுக்கான ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்கின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த அரங்கில் தலைமையாசிரியர்களாக இருந்தவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். வங்கி மேலாளர்கள், கருவூல அலுவலர்கள், செவிலியர் கண்காணிப்பாளர்கள், வட்டாட்சியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் இப்படி ஓர் அவை இதற்கு முந்தைய தலைமுறையில் கூடியிருப்பது அரிது. 1989ஆம் ஆண்டில் மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில், இருபதுகளின் நடுவிலும் முப்பதை நெருங்கியும் பணியில் சேர்ந்தவர்கள், ஓய்வு வயது 60 ஆக உயர்ந்துவிட்ட இந்நாளில் ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறார்கள். தம் பெயரிலேயே ஓய்வூதியமும், தம் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும், முப்பது ஆண்டுப் பட்டறிவும் உள்ள பெண்கள் இவ்வளவு பெரிய அளவில் வீடு திரும்புவது நம் மாநிலத்துக்குப் புதிது. இவர்கள் அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதை நான் அவரவர் வீட்டு விஷயமாகக் கருதவில்லை. அது இந்தச் சமூகத்தின் விஷயம்.

விடைபெறும் நாள் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சந்தன மாலை, சால்வை, வாழ்த்து மடல், உடன் பணியாற்றியவர்கள் வீடுவரை வந்து விட்டுச் செல்வது என்று எல்லாம் முறையாக நடக்கும். அடுத்த திங்கட்கிழமை காலையில் தொலைபேசி ஒலிக்காது. அதுவரை எத்தனையோ கோப்புகளுக்கு முடிவு சொன்னவரிடம், மதியத்துக்கு என்ன குழம்பு என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். சில வாரங்களில் மகனோ மகளோ பெங்களூரிலிருந்து அழைப்பார்கள். "அம்மா, இனி நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்பார்கள். பேரக் குழந்தையைத் தூக்கி வளர்ப்பதன் இன்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால், "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்ற சொற்களில் ஒரு பெண்ணின் முப்பது ஆண்டுத் திறமை ஒரே நாளில் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. அந்த இழப்பைத்தான் உங்களில் பலர் தூக்கமின்மையாகவும், காரணம் தெரியாத சினமாகவும், மூட்டு வலியாகவும்கூட உணர்ந்திருக்கிறீர்கள். பயிலரங்குகளைத் தேடிப் பெண்கள் வருவது இந்த நிலையில்தான்.

ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிகள் நமக்கு வெளியிலிருந்து வந்தவை என்று நினைக்க வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958ஆம் ஆண்டிலேயே உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த மனவளக்கலையில் அகத்தாய்வு என்றொரு பயிற்சி உண்டு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று அது படிப்படியாகச் செல்லும். கவலைகளை அங்கே தாளில் எழுதிப் பிரிப்பார்கள். அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று நான்கு பிரிவுகள். பல ஆண்டுகள் பிறருடைய மனுக்களைத் தரம் பிரித்த ஓர் அலுவலர், தம் சொந்தக் கவலைகளை முதன்முறையாக அப்படிப் பிரித்து எழுதும்போது, மனத்தை அழுத்தியவற்றில் பெரும்பகுதி அலட்சியம் செய்ய வேண்டிய பிரிவில் போய் விழுவதைக் காண்கிறார். அந்த நிம்மதி உண்மையானது. அதைப் பெற்றவர்களை நான் நேரில் அறிவேன்.

இருந்தாலும், இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது வேறு. பயிலரங்கு தரும் தெளிவு, அதை வைத்துக்கொண்டு எவருக்காவது பயன்படாதவரை நிலைப்பதில்லை. முதல் நிலை, இரண்டாம் நிலை என்று கட்டணம் ஏறிக்கொண்டே போக, பயிற்சியிலிருந்து பயிற்சிக்கு நகர்ந்து, கடைசியில் அடுத்த பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதையே தொண்டாக எண்ணிக்கொள்ளும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தன்னை அறிவதற்கு ஒரு காலம் வேண்டும்தான். அந்தக் காலத்துக்கு ஒரு முடிவும் வேண்டும்.

நம் மணிமேகலைக் காப்பியத்தின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஆடற்கலையில் சிறந்த மாதவி, கோவலன் இறந்தபின் அறவண அடிகளின் உபதேசம் கேட்டு வாழ்வைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் மகள் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைக்கிறது, ஆதிரை இட்ட முதல் பிச்சையைப் பெற்றுக் காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்க்கிறாள், உலக அறவியில் பசித்தோர்க்கு உணவிடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்பதும், அறவண அடிகளிடம் தத்துவத்தை முழுமையாகக் கற்று நோன்பு ஏற்பதும் அதற்குப் பிறகு, முப்பது காதைகளில் கடைசிச் சில காதைகளில்தான் வருகின்றன. பசித்தவருக்குச் சோறிட்ட கைக்கே நிறைந்த ஞானத்தைத் தருகிறார் சாத்தனார். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததென்று நான் நம்பவில்லை.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். மருத்துவர் சாரதா மேனனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1923இல் மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர் அவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை 1961இல் ஏற்றார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1978இல் ஓய்வு பெற்றார். அத்துடன் நின்றிருந்தாலும் வரலாறு அவரை மறந்திருக்காது. ஆனால் மருத்துவமனைக்குள் செய்ய முடியாத ஒன்று பாக்கி இருந்தது. நோய் கட்டுக்குள் வந்து வீடு திரும்பியவரை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் குடும்பம் தவிக்கும். வேலை கொடுக்க ஆள் இருக்காது. மருந்து நின்றுபோகும், நோயாளி மீண்டும் அதே வாசலுக்கு வருவார். மனச்சிதைவு நோயில் மருந்துக்குச் சமமாக மறுவாழ்வும் தேவை என்பதை அவர் தம் பணிக்காலத்திலேயே கண்டிருந்தார். 1984இல் தம் இளைய மருத்துவர்கள் சிலருடன் சேர்ந்து 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 61. 1992இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 2021 டிசம்பரில், 98ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய வாழ்வில் நான் கூர்ந்து பார்ப்பது ஒரே ஓர் இடத்தைத்தான். ஓய்வுக்குப் பின் அவர் புதிதாக ஓர் ஆர்வத்தைத் தேடி அலையவில்லை. பதவியில் இருந்தபோது கண்ணில் பட்டும் கைக்கெட்டாமல் போன ஒரு குறையைத் திரும்பப் போய் எடுத்துக்கொண்டார். உங்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு கோப்பு இருக்கும். விதியில் இடமில்லை என்று சொல்லி, மனம் ஒப்பாமல் நீங்களே திருப்பி அனுப்பிய மனு ஒன்று இருக்கும். அடுத்த பணியை அங்கிருந்து தொடங்குங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வழியும் அதுவே. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராக இருந்து, அவ்வை இல்லத்தை நிறுவிய அவருக்கு, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் பல ஆண்டுகள் மனத்தில் இருந்தது. இந்திய மாதர் சங்கப் பெண்களின் துணையோடு நிதி திரட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்கியபோது அவர் 68ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். அதே தலைமுறையைச் சேர்ந்த சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளின் கல்விக்காக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தபின், 1942இல் மயிலாப்பூரில் படிப்பை விட்டுவிட்ட வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார்.

இவர்களெல்லாம் மாபெரும் மனிதர்கள், நாங்கள் எளிய அலுவலர்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆகவே எளிய பணிகளையே சொல்கிறேன்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' தேவைப்படுகிறார். கல்லூரித் தேர்வுகளுக்கு இவர்களைத் தேடி மாணவர்கள் அலைய வேண்டியிருக்கிறது. தேர்வு நேரத்தில் மணிக்கு 20 நிமிடம் வீதம் அவர்களுக்குக் கூடுதல் காலம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வென்றால் எழுதுபவர் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். இந்தப் பணியின் கடினம் கையெழுத்தில் இல்லை. மாணவி ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு வரலாறு நடத்திய ஆசிரியைக்குச் சரியான ஆண்டு நாக்கு நுனியில் இருக்கும். அவர் அதைச் சொல்லக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, "அப்படியா?" என்று இழுக்கவும் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், பிறகு கேட்டால் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். பேனா தன் கையில் இருந்தும் தேர்வு இன்னொருவருடையது என்ற உணர்வை நான்கு மணி நேரம் காப்பது, அதிகாரத்தில் இருந்து பழகிய நமக்குப் பெரிய பயிற்சி.

1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்திலும் இதே ஒழுக்கம்தான் அடித்தளம். உயிரை விடத் துணிந்து பேசுபவரிடம் தன்னார்வலர் அறிவுரை சொல்வதில்லை; காது கொடுத்துக் கேட்கிறார். கேட்பதற்கென்றே முறையான பயிற்சி பெறுகிறார். நாம் ஆசிரியராக, மேலாளராக, தாயாக, மாமியாராக இருந்து வந்தவர்கள்; ஒருவர் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் தீர்வு சொல்லிப் பழகியவர்கள். பயிலரங்கில் நாம் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் பொறுமை உண்மைதானா என்பது இத்தகைய இடங்களில்தான் தெரியவரும்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தோழி ஒருவர், வாரத்தில் ஒரு நாள் காலை, தம் தெருக்கோடியில் உள்ள கோயில் மண்டபத்தில் அமர்கிறார். முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். அதைப் பெறத் தகுதியிருந்தும் பெறாத மூதாட்டிகள் அவரிடம் வருகிறார்கள். ஒருவருக்கு ஆதாரில் வயது 52 என்று பதிவாகியிருக்கும். பார்த்தாலே எழுபது தாண்டியவர் என்று தெரியும். இன்னொருவருக்குக் குடும்ப அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர். இ-சேவை மையத்தில் மனு நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். ஏன் என்று அவர்களுக்கு விளங்காது. எந்தத் திருத்தத்தை முதலில் செய்ய வேண்டும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைத் தாண்டிச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் என் தோழிக்கு அத்துப்படி. அவர் எவரையும் சிபாரிசுக்கு அழைப்பதில்லை. வரிசையை விளக்குகிறார், தாளை ஒழுங்குபடுத்துகிறார், எழுதத் தெரியாதவர் சொல்வதை மனுவாக எழுதித் தருகிறார். பணியில் இருந்த நாளைவிட இப்போது தம்மைப் பயனுள்ளவராக உணர்வதாக அவர் சொல்லும்போது அவருடைய குரலே மாறிவிடுகிறது.

வங்கியில் இருந்தவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்த இயக்கம் இன்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆனாலும், பல குழுக்களில் கடன் பேரேட்டையும் தீர்மானப் பதிவேட்டையும் எழுதத் தெரிந்தவர் ஒருவரே இருப்பார். அவர் கையில்தான் குழுவே இருக்கும். மற்ற உறுப்பினர்களுக்கும் வட்டிக் கணக்கைக் கற்றுக்கொடுத்தால் அந்தக் குழுவின் சண்டைகளில் பாதி அடங்கிவிடும். கணக்கை நீங்களே எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். அது அவர்களை உங்களிடம் கட்டிப்போடும்.

இரண்டு எச்சரிக்கைகளை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆண்டுக்கொரு முறை பதாகை கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைச் சேவை என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். வாங்கும் குழந்தையின் முகத்தை ஒரு முறை பார்த்தால் போதும். மற்றொன்று, சேவையும் பெண்ணின் தலையில் ஏறும் இன்னொரு கூலியில்லா வேலையாகிவிடக் கூடாது. வாரத்தில் ஒரு நாளை, அதில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் சமையலறையை ஓய்வுபெற்ற கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அலுவலகத்துக்குப் போன காலத்தில் எவரும் உங்களை நடுவில் அழைத்துப் பாலை இறக்கி வைக்கச் சொன்னதில்லை. அந்த மரியாதையை இப்போதும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் இந்தப் பணி மூன்று மாதம்கூடத் தாங்காது.

கல்லூரிப் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகின்றன. சொல்வதை எழுதுபவரைத் தேடும் மாணவர்களின் அலைச்சல் அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. உங்கள் ஊர்க் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்குச் சென்று, எந்தப் பாடத்துக்கு எந்த நாளில் ஆள் தேவை, எழுதுபவருக்கு என்ன கல்வித் தகுதி வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, உங்கள் பெயரைப் பதிந்து வையுங்கள். சில தேர்வுகளில், எழுதுபவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. உங்கள் பட்டங்களே தடையாகக்கூடும். அப்படியானால் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் அந்த மாணவிக்குப் பாடங்களை வாசித்துக் காட்டுங்கள். பகல் நேரத்தில் உடனிருந்து வாசிக்க ஆளின்றித் தவிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும் இருக்கிறார்கள்.