தெருவுக்குள் வந்த நதி: சிஸ்லியின் போர்-மார்லி ஓவியம்

[திரையில்: ஓவியம் முழுவதும்]

இடப்பக்கம் ஒரு மாடிக் கட்டிடம். வலப்பக்கம் இலையில்லாத மரங்கள். நடுவில் அசைவில்லாத தண்ணீர், மேலே மேகம். ஏதோ ஏரிக்கரை வீடு என்று கடந்துபோய்விடத் தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீர் நிற்பது தெருவில்.

ஊர் போர்-மார்லி. பாரிசுக்கு மேற்கே, சீன் நதியை ஒட்டிய சின்ன ஊர். 1876 மார்ச்சில் நதி கரைபுரண்டு உள்ளே புகுந்தது. பக்கத்து ஊரான மார்லி-லெ-ருவாவில் அப்போது குடியிருந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ஆல்ஃபிரட் சிஸ்லி அதை வரைந்தார்.

வெள்ளம் என்றாலே இடிந்த வீடும் கதறும் ஜனமும் வரைவதுதான் பழைய ஓவியர்களின் வழக்கம். இதில் அதெல்லாம் கிடையாது.

[திரையில்: கட்டிடம், நெருக்கத்தில்]

இது ஒரு ஒயின் கடை. பெயர் செயின்ட் நிக்கோலஸ். அவர் கடலோடிகளுக்கும் படகோட்டிகளுக்கும் காவல் புனிதர். இப்போது கடை வாசலுக்கே படகு வந்துவிட்டது! படகில் இருப்பவர்களுக்கு முகம் இல்லை, நாலைந்து தூரிகைத் தீற்றல்தான். ஆனாலும் அவர்களிடம் பதற்றம் தெரியவில்லை. வேலையைப் பார்க்கிறார்கள்.

[திரையில்: வானம், பிறகு மெதுவாகக் கீழே தண்ணீர்]

சரி, இந்த அமைதி எங்கிருந்து வருகிறது? என்னைக் கேட்டால், வானத்திலிருந்து. சிஸ்லி வானத்திலிருந்துதான் வரையத் தொடங்குவாராம். அது வெறும் பின்னணி அல்ல என்று நண்பர் தாவர்னியேவுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். இங்கேயும் பெரும் இடம் வானத்துக்குத்தான். அந்தச் சாம்பலும் வெள்ளையும் நீலமும் அப்படியே கீழே தண்ணீருக்கு இறங்குகின்றன. கூடவே கடைச் சுவரின் நிறமும் கொஞ்சம்.

தண்ணீரில் தூரிகை போன திசையைக் கவனியுங்கள். பெரும்பாலும் கிடைமட்டமான சின்னச் சின்னத் தீற்றல்கள். சுழிப்பு, நுரை எதுவும் இல்லை. அதற்கு எதிராகச் சுவரும் மரமும் செங்குத்தாக நிற்கின்றன. கட்டிடத்தை ஒளியில் கரைத்துவிடாமல் கெட்டியாக வைத்திருக்கிறாரே, அதுதான் இந்தப் படத்தின் பலம். வீடு உறுதியாக நிற்பதால் நமக்கும் பயம் வருவதில்லை.

சிஸ்லி 1872 வெள்ளத்தையும் இதே ஊரில் வரைந்திருக்கிறார். 1876இல் மட்டும் ஆறு ஓவியங்களுக்குக் குறையாது. வைக்கோற்போர்களையே திரும்பத் திரும்ப வரைந்த ஓவியர் மோனேவின் அந்தப் புகழ்பெற்ற வரிசைக்குப் பதினைந்து வருடம் முன்னால், ஒரே இடத்தை விடாமல் சுற்றிச்சுற்றி வந்து வரைந்த மனிதர் இவர். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

[திரையில்: சிஸ்லியின் புகைப்படம்]

அப்பா பட்டு வியாபாரி. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரோடு தொழில் நொடித்துப்போனது. அப்புறம் கடைசிவரை பணக் கஷ்டம்தான். இந்த ஓவியம் விலைபோனது 180 ஃபிராங்குக்கு. 1899 ஜனவரியில் சிஸ்லி இறந்தார். மறு வருடமே ஏலத்தில் இதே படத்தை ஓவியச் சேகரிப்பாளர் இசாக் த கமோந்தோ 43,000 ஃபிராங்க் கொடுத்து வாங்கினார்.

கமோந்தோவின் தொகுப்பு 1911இல் பிரெஞ்சு அரசுக்குப் போனது. ஓவியம் இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போனால், இதே கடையை இன்னும் நெருங்கிப்போய் வரைந்த இன்னொரு 1876 ஓவியத்தையும் தேடுங்கள். அதில் படகு முன்னுக்கு வந்திருக்கும்.