நாற்காலி போட வந்தவன்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், இராயபுரத்தின் இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன் பேசியவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள்.

தொண்டு அமைப்புகளை இளைஞர்கள் நெருங்காததற்குக் காரணம் இளைஞர்களின் அலட்சியமா, அமைப்புகளின் அணுகுமுறையா என்பது தலைப்பு. அணுகுமுறையே என்று பேச வந்தேன். ஆனால் எதிரணிப் பேராசிரியை அம்மையார், "இன்றைய பிள்ளைகள் கையை நீட்டுவது செல்ஃபி எடுக்கத்தான், கொடுப்பதற்கு அல்ல" என்று சொல்லிக் கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதில் பாதியையாவது திரும்ப வாங்காமல் நான் இறங்குவதாக இல்லை.

கொருக்குப்பேட்டையில் என் அக்காள் மகன் இருக்கிறான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஓர் அமைப்புக்குப் போன் செய்து, "கணக்குச் சொல்லித் தருகிறேன்" என்றான். அமைப்பின் பெயர் வேண்டாம். நல்ல வேலை செய்கிறவர்கள்தாம். "ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வா தம்பி" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் கண் விழித்தறியாத பிள்ளை, ஆறே முக்காலுக்கே போய் நின்றான். அன்று அவர்களுக்கு ஆண்டு விழாவாம். "அந்த நாற்காலிகளைப் போடு" என்றார்கள். இருநூறு நாற்காலிகள்! போட்டு முடித்து நிமிர்ந்தபோது செயலாளர் வந்து, மேடை கிழக்குப் பக்கம் என்றார். இருநூறையும் திருப்பினான். பிறகு பொன்னாடைத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். பதினான்கு பொன்னாடைகள்; பதினான்கு முறையும் தட்டைத் தாங்கி நின்றவன் அவனே. சிறப்பு விருந்தினர் அவன் போட்ட நாற்காலியில் அமர்ந்து எழுந்து, "எங்கே போனார்கள் நம் இளைஞர்கள்?" என்று நாற்பது நிமிடம் முழங்கினார். அவருக்குப் பின்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தவனுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. கடைசியில் எல்லோரும் படம் எடுக்க நின்றபோது, "தம்பி, பேனரை மறைக்கிறாய், சற்று ஓரமாக நில்" என்றார்கள்.

அம்மையாரே, அந்தப் படத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் வயது அறுபதுக்கு மேல்! படப்பித்து யாருக்கு என்பதை நடுவர் முடிவு செய்யட்டும்.

கதை முடியவில்லை. கிளம்பும்போது உண்டியலில் நூறு ரூபாய் போட்டுவிட்டு வந்தான். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒரு வரி வரவில்லை. மாறாக, வாட்ஸ்அப்பில் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்தது. ஒரு வாரம் கழித்து அழைப்பு: "வருகிற ஞாயிறு வருவாயா தம்பி?" "கணக்குச் சொல்லித்தரவா சார்?" "இல்லை, நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்."

இதே பையன், ஸ்டான்லி மருத்துவமனையில் இரத்தம் தேவை என்று செய்தி வந்தால் நண்பனின் பைக்கில் பறக்கிறான். ஏன்? அந்தச் செய்தியில் எந்த வகை இரத்தம், எத்தனை யூனிட், எந்த வார்டு, எத்தனை மணிக்குள், யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாமே இருக்கிறது; போகிறவனுக்குத் தன் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புரிகிறது. "சமூகத்துக்கு உன் பங்களிப்பு தேவை" என்று சொன்னால் அவன் எந்தப் பேருந்தில் ஏறுவான்? கொடுத்துவிட்டு அவன் போட்ட செல்ஃபியைப் பார்த்துத்தான் அவன் வகுப்பில் மேலும் மூன்று பேர் போனார்கள். செல்ஃபி எடுத்ததால் இரத்தம் நீர்த்துப் போய்விட்டதா?

பணத்துக்கும் இதுவே. 2016-இல் யுபிஐ வந்த பிறகு, டீக்கடையில் பன்னிரண்டு ரூபாயைக்கூடப் போனில் அனுப்பும் பிள்ளையிடம் போய், ரசீதுப் புத்தகத்தை நீட்டி, "நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு" என்கிறோம். வருமானமே இல்லாதவனுக்கு வருமான வரிவிலக்கு எதற்கு? அவன் தரும் ஐம்பது ரூபாய்க்கு அவன் கேட்பது கணக்கு. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத்தை வாங்கி வருகிறது. அந்தப் பழக்கத்தோடு கல்லூரியை விட்டு வெளியே வருகிறவனுக்கு, நிர்வாகக் குழுவில் ஓர் இடமாவது வைத்திருக்கிறோமா? இங்கேயும் நாற்காலிதான் சிக்கல், நடுவர் அவர்களே!

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையைக் கடந்து போன பிறகும் எங்கள் பகுதியில் தண்ணீர் வடியவில்லை. மின்சாரம் இல்லை, பால் இல்லை. அக்காள் மகனும் நண்பர்களும் ஆளுக்கு ஐம்பது, நூறு போட்டு, எங்கிருந்தோ பால் பாக்கெட்டுகளை வாங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் தலைமேல் சுமந்து போனார்கள். ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்த பாட்டி, கயிற்றில் கூடையை இறக்கினார். இவன் பாக்கெட்டை வைத்தான். கூடை மேலே போனது. அடுத்த நாள் இவன் போனபோது கூடை காலியாக இறங்கவில்லை. அதில் நான்காக மடித்த ஓர் இருபது ரூபாய் நோட்டு இருந்தது. "பின்தெருவில் கைக்குழந்தை இருக்குதுப்பா, அதுக்குக் குடு" என்றார் மேலேயிருந்து.

வாங்கிப் போய்க் கொடுத்தான். திரும்பி வந்து, நனையாத ஒரு தாளைத் தேடிப் பிடித்து, "பாட்டி, உங்கள் 20 ரூபாயில் ஒரு பாக்கெட் பால். பின்தெரு, பச்சைக் கதவு வீடு. குழந்தை குடித்துவிட்டுத் தூங்குகிறது" என்று எழுதிக் கூடையில் வைத்தான்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாதாம். பொங்கலுக்குப் போனபோது, அந்தத் தாளைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து, "இதில் என்னப்பா எழுதியிருந்தாய், படித்துக் காட்டு" என்று அவனிடமே நீட்டினார்.